தேறிய ஆளிடம் தினமும் கணக்குக் கேட்கலாமா?

புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலோ கடலூர் சிப்காட்டிலோ முதலாளி அறைச் சுவரில் ஒரு குறள் தொங்குகிறது என்றால், அது 517 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்." மேலாண்மை வகுப்பு எடுப்பவர்களும் இதைச் சொல்லி, கூடவே டெலிகேஷன் என்ற வார்த்தையைச் சேர்த்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதே அதிகாரத்தில் மூன்று குறள் தள்ளி, "நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடா துலகு" என்று 520 இருக்கிறது. அது சுவர் ஏறுவதில்லை. வேலையை ஒப்படைத்த ஆளைத் தினமும் பார் என்கிறது அல்லவா, வருகிறவர்கள் படித்தால் சங்கடம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முந்தைய அதிகாரம் முடிகிற 510: "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாமல் நம்பினாலும் கேடு, ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகித்தாலும் கேடு. பத்துக் குறள் தாண்டியதும் தினமும் ஆராயச் சொல்கிறார் வள்ளுவர். சந்தேகப்படாதே, ஆனால் நாள்தோறும் பார். நம் பக்கத்துச் சிறு தொழில்கள் பாதி சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு வகை முதலாளி "நம்ம பையன்" என்று சாவிக்கொத்து, செக் புத்தகம், ஓடிபி வரும் போன் எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்துவிட்டு மூன்று வருடம் கழித்து விழிப்பார். இன்னொரு வகை முதலாளி டீச்செலவு வவுச்சருக்கும் தானே கையெழுத்துப் போடுவார். திறமையான ஆள் ஆறு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்வான்.

பொருட்பாலின் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், ஒற்றாடல் மூன்றையும் தொடர்ச்சியாகப் படித்தால் முடிச்சு அவிழும். ஆளைத் தேர்வது ஒரு முறை. வேலையைப் பார்ப்பது தினமும். தினப் பார்வை வேலையின் எண்களின் மேல் இருக்கும்வரை அது ஐயுறவு ஆகாது. ஆளின் முகத்தின் மேல் திரும்பிய நாளிலிருந்து 510-இல் சொன்ன இடும்பை தொடங்கும்.

முதலில் தேர்வு. 501-ஆம் குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கால் சோதித்துத் தேறச் சொல்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதே நான்கு சோதனைகள் முதல் நூலின் பத்தாம் அத்தியாயத்தில் வருகின்றன. பரிமேலழகர் இந்தக் குறளுக்கு உரை சொல்வதும் அந்தச் சோதனைகளை வைத்துத்தான். பொருள் சோதனையில் தேறியவனை வரி வசூலுக்கும் களஞ்சியத்துக்கும் போடு, அச்சத்தில் தேறியவனை அரசனுக்கு அருகில் வை என்று கௌடில்யர் பிரிக்கிறார். நான்கிலும் தோற்றவனைச் சுரங்கத்துக்கும் காட்டுக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பு என்கிறார். தொழிற்சாலை நடத்துபவர்கள் வருத்தப்பட வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு மேசைமேல் 500 ரூபாய் நோட்டை "மறந்து" வைத்துவிட்டுக் கேமராவில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே அத்தியாயத்தின் முடிவில், கெடாதவனைக் கெடுக்காதே, அது தண்ணீரில் நஞ்சு கலப்பது போல என்று கௌடில்யரே எச்சரிப்பதை அவர்கள் படிப்பதில்லை. தூண்டில் போட்டுச் சோதிப்பதற்கு இன்றைய தொழிலில் இடமில்லை. இன்பம், அச்சம் என்ற இரண்டையும் வைத்து ஊழியரைச் சோதித்தால் சட்டமும் விடாது. 502-இல் வரும் "குடிப்பிறந்து" என்பதைக் காட்டி ஊர், உறவு, சாதி பார்த்து ஆள் எடுப்பவர்களுக்கு மூன்று குறள் தள்ளியே பதில் இருக்கிறது: "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்." உரைத்துப் பார்க்க வேலையைத் தவிர வேறு கல் கிடையாது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையை எடுத்துக்கொள்வோம். தரம் பிரிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது "எத்தனை வருஷ அனுபவம்" என்று கேட்பதைவிட, கலந்த பருப்பில் 1 கிலோ கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். டபிள்யூ 240 என்றால் 1 பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 220 முதல் 240 முழுப்பருப்பு. டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320. பிரித்து முடித்ததும் ஒவ்வொரு குவியலையும் எடை போட்டு எண்ணி, 454 கிராமுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் கைத்திறன் தெரிந்துவிடும். கணக்கருக்கு ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்டையும் கேஷ் புத்தகத்தையும், நீங்கள் தெரிந்தே வைத்த ஐந்தாறு முரண்பாடுகளோடு கொடுத்து ஒப்பிடச் சொல்லலாம். எத்தனை கண்டுபிடித்தார் என்பதோடு, புரியாத இடத்தில் கேட்டாரா அல்லது தானே ஒரு எண்ணைப் போட்டுச் சரிக்கட்டினாரா என்றும் பாருங்கள். சரிக்கட்டுகிறவர் வேண்டாம்.

514 எனக்கு மிகவும் பிடித்த குறள்: "எனைவகையான் தேறியக் கண்ணும் வினைவகையான் வேறாகும் மாந்தர் பலர்." எப்படிச் சோதித்துத் தேறினாலும் வேலை மாறும்போது ஆள் மாறிவிடுவான். நன்றாக விற்கிறவரை விற்பனை மேலாளர் ஆக்கினால், நல்ல விற்பனையாளர் ஒருவரை இழந்து சுமாரான மேலாளர் ஒருவரைப் பெறுவோம். பதவி உயர்வும் புதிய நியமனம்தான். அதற்குச் சோதனை வேறு. மூன்று மாதம் பொறுப்பு மட்டும் கொடுத்துப் பார்த்து, சரிப்படாவிட்டால் மரியாதை குறையாமல் பழைய இடத்துக்குத் திரும்பும் வழியை முதல் நாளே பேசி வைத்துவிடுவது நல்லது. பேசாமல் விட்டால், அவர் திரும்புவதற்குப் பதில் விலகிப்போவார்.

அடுத்தது ஒப்படைத்தல். 517-இல் "இதனை", "இவன்" இரண்டும் எல்லோருக்கும் புரிகிறது. நடுவில் இருக்கும் "இதனால்"தான் காணாமல் போகிறது. எந்தக் கருவியால், எவ்வளவு பணத்தால், எத்தனை ஆளால் முடிப்பான்? 516 இதோடு காலத்தையும் சேர்க்கிறது. "கொள்முதலை நீங்க பார்த்துக்கங்க" என்பது ஒப்படைப்பு ஆகாது. ஒரு பக்கத் தாளில் இப்படி எழுத வேண்டும்: 25,000 ரூபாய் வரை நீங்களே வாங்கலாம். அதற்குமேல் 1 லட்சம் வரை மூன்று இடத்து விலை வாங்கி, மூன்றையும் கோப்பில் வைத்துவிட்டு வாங்கலாம். அதற்கும்மேல் என் கையெழுத்து வேண்டும். முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. சரக்கு வந்து எடை போட்ட பிறகே பில் பாஸ் ஆகும். எடை போடுகிறவர் நீங்கள் இல்லை. தொகைகள் உங்கள் தொழிலின் அளவுக்கு மாறட்டும். கடைசி வரி மட்டும் மாறக் கூடாது.

"வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்" என்கிறது 518. உரிமை கொடுத்தாயிற்று என்பது அவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். இது தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியின் சரித்திரமே சாட்சி. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே கப்பற்படையோடு போய்ச் சென்னையைப் பிடித்தார். அவர் மொரீசியஸ் உள்ளிட்ட பிரெஞ்சுத் தீவுகளின் ஆளுநர். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே. 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு சென்னையை ஆங்கிலேயரிடமே திருப்பித் தர லா பூர்தொனே உடன்பட்டார். துய்ப்ளேயோ ஊரை ஆர்க்காட்டு நவாபுக்குத் தருவதாகச் சொல்லி வைத்திருந்தார். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று இருவரும் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்டோபரில் புயல் வந்து படையின் கப்பல்களை நொறுக்கிவிட்டது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான். எல்லைக்கோட்டைத்தான் யாரும் போட்டுவைக்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் தொழிற்சாலைக்கு வந்து ஆளுக்கொரு உத்தரவு போடும் குடும்ப நிறுவனங்களில் இதே சண்டை கப்பல் இல்லாமல் நடக்கிறது.

இனி 520-க்கு வருவோம். தினமும் எதைப் பார்ப்பது? முந்திரி ஆலைக்கே திரும்பலாம். கொட்டை வந்து இறங்கும்போது மூட்டைகளில் அங்கங்கே எடுத்துக் கலந்த 1 கிலோ மாதிரியை உடைத்துப் பார்ப்பார்கள். நல்ல பருப்பு 266 கிராம் கிடைத்தால், 80 கிலோ மூட்டைக்கு 21.3 கிலோ, வியாபாரத்தில் இதை 47 பவுண்டு என்பார்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு முதலாளி 10 மூட்டைக்கு 213 கிலோ பருப்பு எதிர்பார்க்கிறார். பேக்கிங் மேசைக்கு வந்ததோ 190. உடனே தோல் உரிக்கும் பெண்கள்மேல் சந்தேகம், வாசலில் பை சோதனை, பேச்சு, கண்ணீர்.

கணக்கு எங்கே பிசகியது என்றால், மாதிரியில் எடை போட்ட பருப்பு தோலோடும் ஈரத்தோடும் இருந்தது. போர்மா என்ற உலர்த்தும் அறையில் காயவைத்து, தோலை உரித்து, ஈரம் 5 சதவீதத்துக்குக் கீழ் வரும்போது சுமார் பத்தில் ஒரு பங்கு எடை தானாகவே போய்விடும். 213-இல் பத்தில் ஒரு பங்கு போனால் ஏறக்குறைய 192. ஆக, விளக்கம் தேவைப்படுவது 2 கிலோவுக்கு மட்டும். அதையும் வரிசையாகத்தான் தேட வேண்டும். மாதிரி எடுத்த மூட்டைகள் சராசரிதானா? உடைக்கும்போது ஓட்டோடு ஒட்டிப் போன பருப்பு எவ்வளவு? ஓட்டுக் குவியலில் 5 கிலோ எடுத்துக் கிளறினால் தெரியும். போர்மாவில் அதிகம் காய்ந்து நொறுங்கித் தூளானது எவ்வளவு? இரண்டு தராசும் ஒரே எடை காட்டுகின்றனவா? இவை நான்கும் முடிந்த பிறகே திருட்டு என்ற சொல் வாயில் வர வேண்டும். நடப்பில் அதுதான் முதலில் வருகிறது.

அதனால் தினமும் எழுதவேண்டிய எண்கள் குறைவு: உடைக்கப் போன மூட்டை, உடைத்தபின் எடை, போர்மாவுக்கு முன்னும் பின்னும் எடை, உரித்தபின் எடை, அதில் முழுப்பருப்பு எவ்வளவு, துண்டு எவ்வளவு. ஒவ்வொரு படிக்கும் உங்கள் ஆலையின் வழக்கமான இழப்பு என்ன என்பதை, பக்கத்திலேயே நின்று ஓட்டிப் பார்த்த சில லாட்களிலிருந்து எடுத்து வையுங்கள். அடுத்த ஊர் ஆலையின் சதவீதத்தைக் கொண்டுவந்து மாட்டக் கூடாது; கொட்டை வேறு, எந்திரம் வேறு, கை வேறு. வழக்கத்திலிருந்து விலகிய நாளில் மட்டும் கேள்வி வரும். கேள்வி வரும் என்பது முன்பே எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் யாருக்கும் அவமானம் இல்லை. மேற்பார்வையாளர் தானே காரணத்தை எழுதிவைத்துவிட்டுக் காத்திருப்பார்.

எண் எழுதுகிறவரே பொய் எழுதினால்? இங்கேதான் ஒற்றாடல். அந்த அதிகாரத்தைத் துப்பறியும் கதைபோலப் படிப்பது வீண். தகவலைச் சரிபார்க்கும் முறை என்று படிக்க வேண்டும். "ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்." ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்தால் நம்பு. கணக்காளர்கள் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில் மூன்றையும் ஒப்பிடுவது இந்த நியாயத்தில்தான். ஆனால் முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள். மூன்று தாளையும் ஒரே ஸ்டோர்கீப்பர் எழுதினால் அது மூன்று ஒற்று ஆகாது, மூன்று சட்டை போட்ட ஒரே ஒற்று. ஆர்டர் அலுவலகத்தில் எழுதப்படட்டும், எடைச்சீட்டு வெளி எடைமேடையிலிருந்து வரட்டும், பில் விற்றவரிடமிருந்து வரட்டும். மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் உருவாகும் 2பி அறிக்கை, விற்றவர் தாக்கல் செய்ததை வைத்து வருவது. விற்றவர் எழுதிய தொகையை உங்கள் ஆட்கள் திருத்த முடியாது. கடலூரில் ஆலை, புதுச்சேரியில் கிடங்கு என்று வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இடையில் இருப்பது 20 கிலோமீட்டரும் சொச்சமும்தான் என்றாலும் சட்டப்படி அது மாநிலம் தாண்டுகிற சரக்கு. இரண்டு இடத்துக்கும் தனித்தனி ஜிஎஸ்டி பதிவு, 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில். அந்த இ-வே பில் பட்டியலைக் கிடங்கின் வரவுப் புத்தகத்தோடு மாதம் ஒரு முறை ஒப்பிட்டாலே வழியில் இறங்கிய சரக்கு தெரிந்துவிடும்.

கௌடில்யர் இதில் ரொம்பப் பொல்லாதவர். அதிகாரிகள் பணம் தின்னும் வழிகள் 40 என்று பட்டியலே போடுகிறார்: முன்பே வந்ததைப் பின்னால் எழுதுவது, கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுவது, எடையில் வித்தியாசம், அளவில் வித்தியாசம், பாத்திரத்தில் வித்தியாசம். இன்றைய உள்தணிக்கை ஆட்கள் தேடுவதும் இவற்றைத்தான். புகார் வந்தால் பொறுப்பாளர், வைத்துக் காத்தவர், எழுதியவர், வாங்கியவர், கொடுத்தவர், கொடுக்கச் சொன்னவர், மேலதிகாரியின் ஏவலாள் எல்லோரையும் ஒவ்வொருவராகத் தனித்தனியே விசாரி என்கிறார். இத்தனை வேலையும் தனித்தனி ஆளிடம் இருந்தால்தானே அப்படி விசாரிக்க முடியும்? சின்ன நிறுவனத்தில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். குறைந்தபட்சம் பணத்தைத் தொடுகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் வேறு வேறாக இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால் பேங்க் ஸ்டேட்மென்ட் முதலாளியின் மின்னஞ்சலுக்கு நேராக வரட்டும்.

ஒற்று என்றதும் ஊழியரில் ஒருவரைப் பிடித்து மற்றவரைப் பற்றிக் கேட்கும் பழக்கம் தனி நோய். "சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க" என்று 590 தடுக்கிறது. காதில் ஓதுகிறவருக்கு எல்லோர் முன்னாலும் சலுகை காட்டினால் அடுத்த வாரம் ஓதுகிறவர் பத்துப் பேர் ஆவார்கள். துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஆளுநர் மனைவியின் தலையீட்டைப் பற்றிய புலம்பல் பக்கம் பக்கமாக இருக்கிறது. மேலே இருப்பவரை எட்ட இன்னொரு வாசல் இருந்தால், ஒழுங்கான வாசலில் நிற்பவருக்கு மதிப்பு இருக்காது.

தப்பு நிரூபணமானால் என்ன செய்வது? "கடிதோச்சி மெல்ல எறிக" என்கிறது 562. ஓங்குவது வேகமாக, விழுவது மெதுவாக. நடைமுறையில், கண்ட அன்றே சாவியையும் பாஸ்வேர்டையும் வாங்கிவிட வேண்டும், அது ஓங்கல். விசாரித்து, எழுத்தில் பதில் வாங்கி, தொகைக்கும் நோக்கத்துக்கும் தக்க தண்டனை பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கன்னாபின்னாவென்று கத்திவிட்டு, சாவியை அவரிடமே விட்டுவிடுகிறார்கள்.

கண்டுபிடிப்பதைவிடத் தடுப்பது மலிவு. அதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு நல்ல பாடம். முதலாம் பராந்தகன் காலத்தது, 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் எழுதியது. 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பகுதிகளிலிருந்து, குடவோலையில் வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். 35-க்கு மேல் 70-க்குள் வயது. பதவி 360 நாள். கடந்த 3 ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் நிற்க முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. திருடியவரை மட்டும் விலக்கவில்லை, கணக்குக் காட்டாதவரையே விலக்கினார்கள். இந்த ஒரு விதியை நிறுவனத்தில் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது: முன்பணக் கணக்கை முடிக்காதவருக்கு அடுத்த முன்பணம் இல்லை, யாராக இருந்தாலும். வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், 10 வேலைநாளுக்குக் குறையாத கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பதும் இதே வழிதான். உங்கள் கேஷியர் லீவே எடுக்காத தங்கமான ஆள் என்றால், அவரைக் கட்டாயம் லீவில் அனுப்புங்கள்.

அளவு மீறினால் சோதனையே நட்டம். புறநானூறு 184-இல் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரியைப் பற்றிச் சொல்கிறார்: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் ஒரு மா என்ற சிறு அளவுக்கும் குறைந்த நிலமும் யானைக்குப் பல நாளைக்கு வரும், யானையே வயலுக்குள் புகுந்தால் நூறு வயலானாலும் "வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்". மேற்பார்வைக்கும் இது பொருந்தும். 40 பெண்கள் வேலை முடித்துப் போகும்போது ஆளுக்கு 2 நிமிடம் பை பார்த்தால் வரிசையின் கடைசி ஆள் 80 நிமிடம் நிற்க வேண்டும். அவர் பஸ்ஸும் போய்விடும். சீசனில் கூலி 20 ரூபாய் கூடக் கிடைக்கும் பக்கத்து ஆலைக்கு நல்ல கைகள் நகர்ந்துவிடும். மன்னனின் குடிகளுக்கு அந்த வசதி அவ்வளவு இல்லை. அரசியல் நூலைத் தொழிலுக்குப் பெயர்க்கும்போது மறக்கக் கூடாத வித்தியாசம் இது.

கடைசியாக, பெரும்பாலும் யாரும் முதலாளி முகத்துக்கு நேரே சொல்லாத ஒன்று. 584 ஒற்றின் எல்லையைச் சொல்கிறது: "வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு அனைவரையும் ஆராய்வது ஒற்று." தம் சுற்றமும் அதில் அடக்கம். கல்லாவில் கணக்கு உதைக்க முதல் காரணம் பல இடங்களில் முதலாளி வீட்டுக்கே போகிறது. சாயங்காலம் மகன் வந்து 2,000 எடுக்கிறான், மைத்துனர் பெட்ரோலுக்கு 500 எடுக்கிறார், சீட்டு இல்லை. கேஷியர் என்ன செய்வார்? அடுத்த நாள் ஏதோ ஒரு செலவுத் தலைப்பில் போட்டுச் சரிக்கட்டுவார். சரிக்கட்டப் பழகிய கை தனக்கும் ஒரு நாள் சரிக்கட்டும். அதற்கப்புறம் 2பி அறிக்கையும் எடைமேடைச் சீட்டும் எதற்கு? மருந்து சிறியதுதான்: முதலாளிக்கும் வீட்டாருக்கும் மாதச் சம்பளமோ எடுப்போ ஒரு தொகை, எல்லோருக்கும் சம்பளம் போகும் அதே தேதியில், வங்கி வழியாக. இடையில் கல்லாவைத் தொட்டால் கையெழுத்தோடு சீட்டு. சீட்டு இல்லாமல் கேட்டால் மறுக்கும் அதிகாரம் கேஷியருக்கு உண்டு என்று முன்சொன்ன ஒரு பக்கத் தாளில் ஒரு வரி சேர்த்து, வீட்டாருக்கும் ஒரு நகல் கொடுத்துவிட வேண்டும்.